மூன்று பேர் எப்போது மூன்று பேராகிறார்கள்?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மீனவர்களுக்கு ஐஸ் செய்து விற்கும் சின்னக் கம்பனி ஒன்றில் பங்கு வைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக நட்டம். பணிப்பாளர் சபையில் அண்ணன், தம்பி, மச்சான் மூன்று பேர்தான். வெளியாட்கள் இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்லிப் பங்குதாரர்கள் கேட்கிறோம். ஆள் கூடினால் முடிவு நன்றாக வருமா?"

வரும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொண்டோர்செ 1785இலேயே அதைக் கணக்காகக் காட்டிவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

புதிய ஜெனரேட்டர் வாங்கலாமா, கடனுக்கு ஐஸ் கொடுக்கலாமா என்று ஆம், இல்லை கேள்விகள் ஆயிரம். ஒருவர் தனியாக 700ஐச் சரியாகச் சொல்பவர் என்று வைத்துக்கொள்வோம். அதே திறமையுள்ள மூவர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வாக்களித்தால்? மூவரும் சரியாகச் சொல்வது 343 தடவை. இருவர் சரி, ஒருவர் பிழை என்பது 441 தடவை. பெரும்பான்மை போதும் என்பதால் மொத்தம் 784. யாருடைய மூளையும் புதிதாகக் கூர்மையடையவில்லை, ஆனாலும் 84 முடிவுகள் கூடுதலாகச் சரியாகிவிட்டன! அந்த 441இல் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் சறுக்கியிருக்கிறார். அவர் சறுக்கிய இடத்தில் மற்ற இருவரும் ஊன்றி நின்றிருக்கிறார்கள். ஐந்து பேரானால் இது சுமார் 837.

சரி, நிபந்தனை என்ன? அண்ணன் சொன்னதற்கெல்லாம் மற்ற இருவரும் தலையாட்டினால் மூன்று வாக்கும் ஒரே வாக்கு, மறுபடி 700தான். கடலுக்குப் போகலாமா என்று மூன்று படகுக்காரரைக் கேட்கிறீர்கள். மூவரும் ஒரே வானொலி அறிவிப்பை வைத்துச் சொன்னால் நீங்கள் கேட்டது ஒருவரைத்தான். ஒருவர் அறிவிப்பையும், ஒருவர் வாடைக்காற்றையும், ஒருவர் நீரோட்டத்தையும் பார்த்துச் சொன்னால்தான் அவர்கள் மூவர்.

இன்னொன்று, ஆயிரத்தில் 400 மட்டும் சரியாகச் சொல்லும் மூவரைச் சேர்த்தால் 352 ஆகக் குறையும். அதனால் விஷயம் தெரியாதவரை முகத்துக்காகப் போடாதீர்கள்.

நட்டம் வந்ததும் பெயர்ப்பலகையில் எழுத்தைக் கூட்டவும் வாசலைத் திருப்பவும் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் நோகிறது. அந்தக் காசு நல்ல கணக்காளர் ஒருவருக்குப் போகலாமே. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிகம் படிக்கும் பிள்ளைகள் நம் ஊர்ச் சிறு கம்பனிகளை ஆராய ஒரு சிறு நிதியாவது ஒதுக்க வேண்டும் என்பதும் என் நெடுநாள் ஆசை.

சட்டம் உங்கள் பக்கம்தான். இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனியின் உள்விதிகள் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், பங்குதாரர்கள் சாதாரணத் தீர்மானத்தாலேயே பணிப்பாளரை நியமிக்கலாம். பாதிக்கு மேல் வாக்கு கிடைத்தால் போதும்.

யாரைப் போடுவது? மின்கட்டணத்தையும் டீசல் செலவையும் வரிவரியாகப் படிக்கும் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், ஐஸ் வாங்கும் படகுக்காரர் ஒருவர் என்பது என் யோசனை. கடனுக்கு ஐஸ் கொடுப்பது பற்றிப் பேசும்போது மட்டும் படகுக்காரர் வெளியே இருக்கட்டும். அப்புறம், பேச்சு தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் முடிவைத் துண்டில் எழுதி மடித்து வைக்கட்டும். அண்ணன் கடைசியாகப் பேசட்டும்.