தள்ளிப்போடும் மனசும் புறாக்கள் போட்ட கணக்கும்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, மாசாமாசம் சம்பளத்துல வருமான வரி பிடிச்சிடறாங்க. பாரத்தை நிரப்பி அனுப்பினா, கூடுதலா பிடிச்ச பணம் எனக்குத்தான் திரும்ப வரும். மார்ச் மாசமே இணையத்துல திறந்துடறாங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் கடைசி நாள் ராத்திரிதான் உட்கார்றேன். வீட்ல சோம்பேறின்னு சொல்றாங்க. எனக்கு வர வேண்டிய பணத்தையே நான் ஏன் தள்ளிப்போடறேன்?"

அருமையான கேள்வி. பணம் கொடுக்கும் வேலையைத் தள்ளிப்போட்டால் புரிந்துகொள்ளலாம். பணம் வரும் வேலையையும் தள்ளிப்போடுகிறோமே! சோம்பேறி என்ற பட்டம் இங்கே பொருந்தவே இல்லை. அந்த ஏப்ரலில் இதே மனிதர் ஒழுகும் குழாயைச் சரிசெய்திருப்பார், காரைக் கழுவியிருப்பார், பழைய அலமாரியைக்கூட ஒழித்து அடுக்கியிருப்பார். வரிப் பாரத்தை மட்டும் தொட்டிருக்க மாட்டார்.

தள்ளிப்போடுவதை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர்கள் ஃபியூஷியா சிரோயும் டிமத்தி பிச்சிலும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்கள்: இதில் நேரத்தைவிட உணர்ச்சிக்குத்தான் பங்கு அதிகம். எந்த ரசீதுக்குக் கழிவு உண்டு, அது எங்கே போனது, தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகள் பாரத்தைத் திறந்ததும் வயிற்றைப் பிசையும். மூடிவைத்தால் அந்தக் கணமே நிம்மதி. அந்த நிம்மதிதான் தள்ளிப்போட்டதற்குக் கிடைக்கும் கூலி. கையோடு கிடைக்கும் கூலி என்பதால் அடுத்த முறையும் மனசு அதையே நாடுகிறது.

சரி, சின்ன நிம்மதி பெரிய பணத்தை எப்படி ஜெயிக்கிறது? இதற்குப் புறாக்களிடம் போக வேண்டும்.

1972இல் ஹோவர்ட் ராக்லினும் லெனார்ட் கிரீனும் வெளியிட்ட ஆய்வு அது. பசித்த புறா, எதிரே விளக்கு எரியும் பொத்தான்கள். சிவப்பைக் கொத்தினால் உடனே தீனி, ஆனால் 2 வினாடிக்குத்தான். பச்சையைக் கொத்தினால் 4 வினாடி காத்திருக்க வேண்டும், அப்புறம் 4 வினாடிக்குத் தீனி. பச்சையில் இரண்டு மடங்கு லாபம். இருந்தும் புறாக்கள் ஏறத்தாழ எப்போதும் சிவப்பையே கொத்தின.

இதற்கு முன்னால் ஆய்வாளர்கள் இன்னொரு கட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். முதலில் இரண்டு வெள்ளைப் பொத்தான்கள். ஒன்றைத் தேர்ந்தால் கொஞ்ச நேரம் இருட்டு, பிறகு சிவப்பும் பச்சையும் எரியும். மற்றதைத் தேர்ந்தால் அதே அளவு இருட்டு, பிறகு பச்சை மட்டும். சிவப்பு வரவே வராது. இருட்டு அரை வினாடியாக இருந்தபோது புறாக்கள் சிவப்பு வரும் பக்கம் போயின. 10 வினாடி, 16 வினாடி என்று நீட்டியபோது பெரும்பாலும் பச்சை மட்டும் வரும் பக்கத்துக்கு மாறின. கொஞ்ச நேரத்தில் தன்னை இழுக்கப்போகும் சிவப்புக்கு, அந்த இழுப்பு தொடங்கும் முன்பே ஒரு புறா கதவடைத்துவிடுகிறது. எத்தனை தடவை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மெய்சிலிர்க்கும்.

இதன் கணக்கை ஒரு பேப்பரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். தாமதத்தோடு ஒன்றைக் கூட்டி, வருவதைத் தீனியின் அளவுக்குக் கீழே வகுக்கும் எண்ணாக வையுங்கள். ஜேம்ஸ் மேசர் 1980களில் புறாக்களை வைத்தே நிறுவிய சூத்திரத்தின் எளிய வடிவம் இது. சிவப்புக்குத் தாமதமே இல்லை: 2ஐ 1ஆல் வகுத்தால் 2. பச்சைக்குத் தாமதம் 4: ஆகவே 4ஐ 5ஆல் வகுக்க, 0.8. சிவப்பு ஜெயித்தது. இப்போது இரண்டுக்கும் முன்னால் 10 வினாடி இருட்டைச் சேருங்கள். சிவப்புக்கு 2ஐ 11ஆல் வகுக்க, 0.18. பச்சைக்கு 4ஐ 15ஆல் வகுக்க, 0.27. பச்சை முந்திவிட்டது! தீனியின் அளவு மாறவில்லை, இரண்டுக்கும் நடுவே உள்ள 4 வினாடியும் மாறவில்லை. புறா நிற்கும் தூரம் மட்டும்தான் மாறியது.

வினாடிக்கு இத்தனை விழுக்காடு என்று ஒரே வீதத்தில் மதிப்பு குறைந்தால் இப்படிப் புரளவே புரளாது. 10 வினாடியைச் சேர்க்கும்போது இரண்டும் ஒரே மடங்கு சுருங்கும், முந்தி நின்றதே கடைசி வரை முந்தி நிற்கும். உயிர்களின் மனக்கணக்கு அப்படி இறங்குவதில்லை. தூரத்தில் இருக்கும்போது கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கும் மதிப்பு, கிட்டே வந்ததும் சுவர்போல நிமிர்கிறது.

ஜார்ஜ் எய்ன்ஸ்லி என்ற மனநல மருத்துவர் இதைக் கட்டடங்களை வைத்து விளக்குவார். நமக்கு அது கம்போங் பாருவிலேயே தெரியும். தள்ளி நின்றால் 452 மீட்டர் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் எல்லாக் கூரைகளுக்கும் மேலே தெரியும். ஒரு கடைவீட்டை ஒட்டிப்போய் நின்றால், இரண்டே மாடி அந்தக் கோபுரத்தை முழுசாக மறைத்துவிடும்.

செந்தூல் நண்பருக்கு மார்ச் மாதத்தில் தெரிவது கோபுரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்ததும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற நிம்மதி மூக்குக்கு நேரே வந்து நிற்கிறது. கடைசி நாளில் அபராதப் பயமும் அதே கிட்டத்துக்கு வந்துவிடுவதால்தான் கணக்கு மறுபடி புரண்டு, ராத்திரியோடு ராத்திரியாக வேலை முடிகிறது. ஏப்ரல் 30 என்பதை இணையவழியில் அனுப்புவோருக்கு மே 15 வரை நீட்டினால், அந்தப் புரளலும் மே 15க்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

புறாவுக்குத் தீனி வைத்துப் பார்ப்பதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி வருத்தம் தருகிறது. இரண்டு மூன்று வருடத்தில் சந்தைக்கு என்ன வரும் என்று மட்டும் பார்த்து ஆய்வுக்குக் காசு ஒதுக்கினால், இப்படிப்பட்ட சோதனை விண்ணப்பக் கட்டத்தைக்கூடத் தாண்டாது. ஆனால் நம் ஓய்வுக்காலச் சேமிப்பே இந்தத் தத்துவத்தின் மேல்தான் நிற்கிறது. ஊழியர் சேமநிதிக்குச் சம்பளத்தில் 11 விழுக்காட்டைக் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொள்கிறார்கள் அல்லவா? அது பச்சை மட்டும் எரியும் பக்கம். 2024 மே மாதம் முதல் புதிதாகச் சேரும் பணத்தில் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்குக்குப் போகிறது. அவசரத்துக்கு உதவும்தான். ஆனாலும் அங்கே சிவப்பு விளக்கைத் திரும்ப ஏற்றிவைத்திருக்கிறோம் என்பது என் கருத்து.

அப்படியானால் தூரத்தில் இருக்கும்போதே முடிவைக் கட்டிப்போட வேண்டும். "இந்த மாசம் முடிச்சிடணும்" என்ற உறுதி போதாது. எப்போது, எங்கே, எதைத் தொட்டுத் தொடங்குவது என்பது வரை முடிவாக வேண்டும். ஜெர்மனியில் பீட்டர் கோல்விட்சர் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கிறிஸ்துமஸ் முந்திய நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் அனுப்பினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

எனவே நண்பரே, இன்றே அண்ணனையோ கூட வேலை செய்பவரையோ கூப்பிட்டுச் சொல்லுங்கள்: மார்ச் இரண்டாவது ஞாயிறு மாலை மூன்று மணி, உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை, இருவரும் அவரவர் பாரத்தை நிரப்புவது. முதல் வேலை முதலாளி கொடுத்த இஏ பாரத்தை (வருடச் சம்பளமும் பிடித்த வரியும் உள்ள தாள்) மேசைமேல் எடுத்து வைப்பது. அதை மட்டும் நினையுங்கள். ரசீதுகளை இந்த வாரமே ஒரு உறையில் போட்டுவிட்டால் வயிற்றைப் பிசையும் கேள்விகளில் பாதி போய்விடும்.

அந்த ஞாயிறு நல்ல நாளா, ராகு காலமா என்று மட்டும் பார்க்க வேண்டாம். நல்ல நேரம் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு சிவப்புப் பொத்தான்தான். உடனே நிம்மதி தரும், பெரியவர்களின் ஆசீர்வாதத்தோடும் தரும் என்பதால் அதை அடையாளம் காண்பது இன்னும் கடினம். தேர்வுக்குப் படிக்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்குக் கயிறு கட்டிவிட்டு, அது எந்தப் பாடத்துக்குப் பயப்படுகிறது என்று கேட்காமல் விடும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

வீட்டில் சோம்பேறி என்று சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் 119 பேரிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்குத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டு அந்த வேலையோடு இன்னும் ஒரு கசப்பை ஒட்டவைக்கிறது. கசப்பு கூடினால் தப்பி ஓடுவதில் கிடைக்கும் நிம்மதியும் கூடுகிறது. உங்கள் வீட்டாரிடம் இதைக் காட்டுங்கள்.

வரிப் பாரம் மட்டுமல்லாமல் வேலை, சாப்பாடு, தூக்கம் என்று எல்லாமே தள்ளிப்போனால், அல்லது சின்ன வயதிலிருந்தே கவனம் ஓரிடத்தில் நிற்காமல் இருந்தால், மனச்சோர்வோ கவனக்குறைபாடோ இருக்கலாம். அதற்கு ஞாயிற்றுக்கிழமைத் திட்டம் போதாது. பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பதிந்து, டாக்டரிடம் இதையே சொல்லுங்கள். தேவைப்பட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள்.