திரவக் குளிர்விப்புக் கணினிக்குக் கேபினெட் வாங்கும் முன்

திரவக் குளிர்விப்பு முறையில் கணினிகளைக் கட்டித் தருவதைத் தொழிலாகச் செய்துவருகிறேன். இந்த வேலையில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை பம்பிலோ, சிப்பின் வெப்பத்தை நீருக்கு மாற்றும் வாட்டர் பிளாக்கிலோ தொடங்குவதில்லை. கேபினெட் வாங்கிய நாளிலேயே அவை தொடங்கிவிடுகின்றன. மற்ற பாகங்களில் ஒன்று பொருந்தாவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கேபினெட் தவறிப்போனால், அதற்காக வாங்கிய, நீரின் வெப்பத்தைக் காற்றில் விடும் ரேடியேட்டர், வளைத்துவைத்த குழாய், குழாயை இணைக்கும் ஃபிட்டிங் எல்லாமே அதனுடன் சேர்ந்து வீணாகிவிடும்.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர் மூன்று 360 மி.மீ. ரேடியேட்டர்களுக்கு இடமுண்டு என்று அச்சிடப்பட்ட கேபினெட்டையும், 45 மி.மீ. தடிமனுள்ள மூன்று ரேடியேட்டர்களையும் வாங்கிக்கொண்டு வந்தார். மேற்கூரைக்கும் மதர்போர்டின் மேல் விளிம்புக்கும் இடையே அளந்து பார்த்தேன், 58 மி.மீ. இருந்தது. ரேடியேட்டரின் 45 மி.மீ.யுடன் விசிறியின் 25 மி.மீ.யைச் சேர்த்தால் 70 ஆகிறது. விசிறிகள் மதர்போர்டின் வெப்பத் தகடுகள் மேல் இடித்தன. ப்ராசசருக்கு மின்சாரம் தரும் 8 முனை இணைப்பானைச் செருகக்கூட வழியில்லை. அந்த இடத்துக்கு 30 மி.மீ. தடிமனுள்ள ஒன்றை வாங்கிப் பொருத்தினோம். முன்புறத்தில் ரேடியேட்டரை வைத்தால் கிராஃபிக்ஸ் கார்டின் நுனி அதன் விசிறியில் முட்டியது. கடைசியில் அந்தக் கணினி இரண்டு ரேடியேட்டர்களோடுதான் ஓடுகிறது.

கேபினெட்டோடு வரும் அட்டவணை பொய் சொல்லவில்லை. மேலே 360, முன்னே 360, பக்கத்தில் 360 என்று ஒவ்வோர் இடத்தையும் அது தனித்தனியாகச் சொல்கிறது. மூன்றையும் ஒரே சமயத்தில் பொருத்த முடியுமா, எவ்வளவு தடிமன் வரை தாங்கும், பெரிய கார்டும் உயரமான ரேமும் இருந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் வாங்குபவர்தான் கணக்கிட வேண்டும். ஆகவே, என்னிடம் ஆலோசனை கேட்பவர்களிடம் கேபினெட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன் வெப்பக் கணக்கைப் போடச் சொல்கிறேன்.

அந்தக் கணக்கு எளிமையானது. ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் மின்நுகர்வு வரையறை 450 வாட்; இன்டெல் கோர் ஐ9-14900கே ப்ராசசருக்கு அதிகபட்சமாக 253 வாட். இரண்டும் ஒருசேர முழுச்சுமையில் இயங்கும் வேலைகளில் ஏறத்தாழ 700 வாட் வெப்பம், குழாய்களில் ஓடும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டில் இறங்குகிறது. விசிறிகள் அதிக இரைச்சலின்றிச் சுற்றும்போது 120 மி.மீ. ரேடியேட்டர் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் தோராயக் கணக்கு. தடிமனையும் விசிறியின் வேகத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். எனவே 700 வாட்டுக்கு இப்படி ஏழு பரப்புகள், அதாவது 360 மி.மீ. ரேடியேட்டர்கள் இரண்டும் 120 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றும் வேண்டும். அமைதியான இயக்கத்தை விரும்புபவருக்கு அதற்கு மேலும் வேண்டும். இந்தப் பரப்பு எவ்வளவு என்று தெரிந்தபின் கேபினெட் தேடினால், தேவையின்றிப் பெரிய பெட்டியை வாங்குவதும் தவிர்க்கப்படும், போதாத பெட்டியை வாங்குவதும் தவிர்க்கப்படும்.

இடைவெளிக் கணக்கில் பலரும் தவறுவது நீளத்தில்தான். 360 மி.மீ. ரேடியேட்டர் என்ற பெயர் அதில் பொருந்தும் மூன்று 120 மி.மீ. விசிறிகளின் நீளத்தையே குறிக்கிறது. இரு முனைகளிலும் உள்ள நீர் அறைகளையும் சேர்த்தால் ரேடியேட்டரின் உண்மையான நீளம் 390 முதல் 400 மி.மீ. வரை வரும். குழாய் வாய்கள் இருக்கும் முனையில் ஃபிட்டிங்கும் குழாயின் வளைவும் சேர்ந்து இன்னும் 30, 40 மி.மீ.யைக் கேட்கும். முன்புறத்திலும் மேற்புறத்திலும் ரேடியேட்டர் வைக்க எண்ணுபவர் அந்த இரண்டும் சந்திக்கும் மூலையைத்தான் முதலில் அளக்க வேண்டும். முன் ரேடியேட்டரும் விசிறியும் 55 முதல் 85 மி.மீ. ஆழத்தைப் பிடித்துக்கொண்டபின், எஞ்சிய நீளத்தில்தான் மேல் ரேடியேட்டர் அமர வேண்டும். அந்த மூலையில் 10 மி.மீ. குறைந்தாலும் ஃபிட்டிங்கைத் திருக விரல் நுழையாது. திருகு துளைகள் வட்டமாக இல்லாமல் நீண்ட பிளவுகளாக இருக்கும் கேபினெட்டுகளில் ரேடியேட்டரைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்திக்கொள்ளலாம். ரேடியேட்டர் தாங்கியைத் தனியே கழற்றி, வெளியில் வைத்துப் பொருத்தி, மீண்டும் மாட்டும்படி இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இந்த இரண்டு வசதிகளும் விளம்பரத்தில் பெரும்பாலும் வருவதில்லை. இவற்றுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடுவது முற்றிலும் தகும் என்பது என் கருத்து.

280, 420 போன்ற 140 மி.மீ. வரிசை ரேடியேட்டர்கள் பரப்பில் சிறந்தவை. ஆனால் அவற்றின் அகலம் 140 மி.மீ.யைத் தாண்டுவதால், மேற்புறத்தில் வைக்கும்போது அவை மதர்போர்டுக்கு நேர் மேலே வந்து ரேமின் தலையை நெருங்கும். மேற்புறத் துளைகள் கண்ணாடிப் பக்கம் நோக்கித் தள்ளி அமைக்கப்பட்டுள்ளனவா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படித் தள்ளியிருந்தால் விசிறி மதர்போர்டின் முன்னால் இறங்கி நிற்கும்; தடிமன் கவலை பெரிதும் தீரும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்கு முழு வாட்டர் பிளாக் போட்டபின் அதன் தடிமன் குறைந்துவிடும் என்பது உண்மைதான். அதற்கு மாறாக, குழாய் வாய்களைத் தாங்கும் பகுதி கார்டின் விளிம்புக்கு மேலே எழுந்து நிற்கும். புதிய கார்டுகளின் 16 முனை மின்கேபிளோ செருகிய இடத்திலிருந்து சுமார் 35 மி.மீ. வரை வளையாமல் நேராக வர வேண்டும். இவ்விரண்டும் சேர்ந்தால் பக்கக் கண்ணாடி மூடாது. கேபிளை அழுத்தி மூடிவிடலாம் என்று எவரும் நினைக்க வேண்டாம். இணைப்பான் சரியாக உட்காராமல் உருகிப்போன நிகழ்வுகள் இந்த வகைக் கேபிளில் பரவலாக அறியப்பட்டவை.

இனி காற்று. ரேடியேட்டர் எத்தனை இருந்தாலும் வெப்பம் முடிவில் காற்றுக்குத்தான் போகிறது. முன்புறம் முழுவதும் கண்ணாடியால் மூடப்பட்டு, ஓரங்களில் மட்டும் குறுகிய பிளவு விடப்பட்ட கேபினெட்டில் ரேடியேட்டரை வைப்பது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதற்குச் சமம். நான் வலைத்தகடு கொண்ட முன்புறத்தையே எப்போதும் பரிந்துரைக்கிறேன். தூசி வடிகட்டி வெளியிலிருந்தே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். முன் அல்லது பக்க ரேடியேட்டர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கட்டும். மேல் ரேடியேட்டர் வெளியே தள்ளட்டும். மேலே செல்லும் காற்று சற்றுச் சூடாகவே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டாலும், ரேம், எம்.2 எஸ்எஸ்டி, மதர்போர்டின் மின்சுற்றுகள் ஆகியவற்றின் மேல் காற்று நகர்வது இந்த அமைப்பில் உறுதியாகிறது. வாட்டர் பிளாக் இல்லாத பாகங்களுக்கும் காற்று வேண்டும் என்பதை மறந்து, எல்லாத் திறப்புகளையும் ரேடியேட்டரால் அடைத்துவிட்ட கணினிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குழாய் எந்தப் பாகத்திலிருந்து எதற்குச் செல்ல வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூலன்ட் நிற்கும் தொட்டியான ரிசர்வாயர் பம்புக்கு நேர் முன்னால், அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். மற்றவற்றின் வரிசையைக் கேபினெட்டின் அமைப்பே முடிவு செய்யட்டும். நிமிடத்துக்கு 1 லிட்டர் நீர் பாயும்போது அதன் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த ஏறத்தாழ 70 வாட் தேவை. நிமிடத்துக்கு 4 லிட்டர் பாயும் லூப்பில் (கூலன்ட் சுற்றிவரும் பாதையில்) 700 வாட் இறங்கினாலும் மிகச் சூடான இடத்துக்கும் மிகக் குளிர்ந்த இடத்துக்கும் வேறுபாடு இரண்டரை டிகிரிதான். ஆகவே குறுகிய, எளிதில் கழற்றக்கூடிய வழியே நல்ல வழி.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலின் தொடக்கத்தில் ஒரு ரேடியேட்டரை விசிறி இடையில் இல்லாமல் நேரடியாகக் கேபினெட் தகட்டில் பொருத்தினேன். அதற்கு 5 அல்லது 6 மி.மீ. திருகு போதும். கையில் கிடைத்த நீளமான திருகுகளை முடுக்கினேன்; அவற்றில் ஒன்று உள்ளே நீர் ஓடும் தட்டைக் குழாயைத் துளைத்துவிட்டது. அந்த ரேடியேட்டருக்கான பணத்தை நானே திருப்பித் தந்தேன். தகட்டின் தடிமன், இடையில் வரும் வடிகட்டிச் சட்டம், விசிறியின் 25 மி.மீ. ஆகியவற்றைக் கூட்டி, திருகு ரேடியேட்டருக்குள் எவ்வளவு இறங்கும் என்று இப்போது ஒவ்வொரு முறையும் அளக்கிறேன். திருகு துளைக்கு நேர் கீழே பாதுகாப்புத் தகடு உள்ள ரேடியேட்டர்களையே வாங்குகிறேன்.

பவர் சப்ளை எங்கே அமர்கிறது என்பதும் முக்கியம். லியான் லி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஓ11 டைனமிக் அதை மதர்போர்டுக்குப் பின்னாலுள்ள தனி அறைக்கு மாற்றியது. அதனால் மேல், பக்கம், கீழ் ஆகிய மூன்று இடங்களும் 360 மி.மீ. ரேடியேட்டர்களுக்குக் கிடைத்தன. பின்னர் வந்த பல கேபினெட்டுகள் இந்த வழியில் சென்றதற்குக் காரணம் தோற்றம் மட்டுமன்று. கசிவு ஏற்பட்டால் நீர் சொட்டும் பாதையில் பவர் சப்ளை இல்லாதிருப்பது பெரிய பாதுகாப்பு. இரட்டை அறைக் கேபினெட்டுகள் அகலமானவை என்பதால் மேசையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கூலன்ட் நிரப்பிய முழுக் கணினி 20 கிலோவைத் தாண்டுவது வழக்கம். மெல்லிய தகடும் ஆடும் கால்களும் உள்ள பெட்டி அதற்கு ஆகாது. பம்பின் அதிர்வையும் மெல்லிய தகடு ஒலியாக மாற்றிப் பெரிதாக்கிக் காட்டும்.

கூலன்ட்டை எங்கே ஊற்றுவது, எங்கே வடிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காத கேபினெட்டை நான் வாங்கச் சொல்வதில்லை. ரிசர்வாயரின் வாய் மேற்கூரையை ஒட்டி நின்றால் புனலைச் செருக முடியாது. மேற்கூரையில் ஊற்றுவாய்க்குத் துளை உள்ளதா, இல்லையென்றால் துளையிட இடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும். அதைவிடக் கடினமானது வடிகால். அது லூப்பின் மிகத் தாழ்ந்த புள்ளியில் அமைய வேண்டும். அதற்கு எதிரே கேபினெட் தகட்டில் கை நுழையும் திறப்பும் வேண்டும். வேறொருவர் வடிகால் இன்றிக் கட்டிய கணினி ஒன்று இரண்டு ஆண்டுகள் ஓடியபின் ரேம் மாற்றுவதற்காக என்னிடம் வந்தது. ரேமின் மேல் ஒரு குழாய் குறுக்கே சென்றதால் ஒரு சிறிய ரேம் பட்டைக்காக லூப் முழுவதையும் காலி செய்ய நேர்ந்தது. கண்ணாடிகளைக் கழற்றி, பெட்டியைப் பல பக்கமும் சாய்த்து, துணிகளைத் திணித்து வடித்தும், ரேடியேட்டரில் தங்கியிருந்த நீர் குழாயைப் பிரித்த கணத்தில் மதர்போர்டின் மேல் கொட்டியது. மின் இணைப்பை முன்பே முழுவதும் அகற்றியிருந்ததால் மதர்போர்டு பிழைத்தது. நான்கு நாள்கள் உலரவைத்த பிறகே அதை மீண்டும் இயக்கினேன். அந்தக் கணினியின் கீழ்த்தகட்டில் ஒரு துளையிட்டு, பம்பின் வெளிவழியில் ஒரு டி-ஃபிட்டிங்கும் பந்து வால்வும் பொருத்தி, வால்வின் முனையைத் துளைக்கு நேராகக் கொண்டுவந்துவிட்டேன். அடுத்த ஆண்டு கூலன்ட் மாற்ற அது வந்தபோது, ஒரு குழாயும் ஒரு வாளியும் போதுமானதாக இருந்தன.