ஓய்வுபெற்ற பிறகு காப்புறுதி: கையெழுத்துப் போடுமுன்

பணிக்கொடை கைக்கு வரும் மாதத்தில் வீட்டு வாசலில் முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் காப்புறுதி முகவர்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் படிவத்தை வாங்குவதற்கு முன், ஏற்கெனவே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். யாழ் போதனா வைத்தியசாலையில் இதய சத்திரசிகிச்சை வரை நடக்கிறது. புற்றுநோய்க்குத் தெல்லிப்பழை வைத்தியசாலை இருக்கிறது. எனவே, "பெரிய வருத்தம் வந்தால் காணியை விற்க வேண்டிவரும்" என்ற பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு காப்புறுதி எடுக்க வேண்டியதில்லை.

அரச சேவையில் இருந்தவர்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி தெரிந்த பெயர். அதை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். ஓய்வுபெற்றவர்களுக்கென ஓய்வூதியர் அக்ரஹார என்று தனியாக ஒன்று இருக்கிறது. சந்தா ஓய்வூதியத்திலேயே கழியும். சேவையில் இருந்தபோது கிடைத்த அதே தொகைகள் இதிலும் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு திட்டம். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பகுதிக்குப் போய், உங்கள் பெயரில் சந்தா கழிகிறதா, கணவன் அல்லது மனைவியின் பெயர் பதிவில் இருக்கிறதா, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு உச்ச வரம்பு என்று மூன்றையும் கேளுங்கள்.

தனியார் துறையில் இருந்தவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டம். நிறுவனம் எடுத்துத் தந்த குழுக் காப்புறுதி பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் மருத்துவ உதவிகளும் சேவையில் உள்ள உறுப்பினர்களுக்கே. கண்ணுக்குள் வைக்கும் வில்லை மாதிரி ஒரு தேவை தெரிந்தே இருந்தால், வேலையை விடுவதற்கு முன்பே அதை விசாரிப்பது புத்தி.

சரி, தனியார் காப்புறுதி எடுப்பதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் வைத்தியசாலை விடுதியில் படுத்தால்தான் காசு தரும். எங்கள் ஊர் வயதானவர்களின் காசோ படுக்காமலே கரைகிறது: பிரஷர், சீனி வருத்தக் குளிசைகள், வெளியில் எடுக்கச் சொல்லும் இரத்தப் பரிசோதனை, மாதம் ஒருமுறை தனியாரிடம் வைத்தியரைச் சனல் பண்ணும் செலவு. இவற்றில் ஒன்றும் சாதாரண ஒப்பந்தத்துக்குள் வராது. அதுவும், கிளினிக் கொப்பியில் ஏற்கெனவே எழுதப்பட்ட வருத்தத்துக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அல்லது அடியோடு விலக்கிவிடுவார்கள். அதை மறைத்துப் படிவம் நிரப்பினால் பிறகு கோரிக்கையையே நிராகரிக்கலாம்.

என் கணக்கு இது: கிளினிக்கில் ஏற்கெனவே பதிந்த வருத்தங்கள் உள்ளவர், ஒரு வருடக் கட்டுப்பணத்துக்குச் சமமான தொகையை வங்கியில் தனியாகப் போட்டு வைப்பதே மேல். கொழும்புக்குப் போய்த் தனியார் வைத்தியசாலையில்தான் காட்டுவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு ஒப்பந்தம் உதவும். அவர் அதை ஐம்பதுகளிலேயே, வருத்தம் எதுவும் பதிவாகுமுன் எடுத்திருக்க வேண்டும். அறுபது தாண்டினால் பல இடங்களில் சேர்ப்பதற்கே வயது வரம்பு குறுக்கே நிற்கும், கட்டுப்பணமும் ஏறும்.

எதை எடுத்தாலும் நோயறிதல் அட்டையையும் பற்றுச்சீட்டுகளின் மூலப் பிரதிகளையும் ஒரு ஃபைலில் வையுங்கள். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். விடுதியில் படுத்திருப்பவரால் அலுமாரியைத் திறக்க முடியாது.