‘ஜெனிட்டிக் டைவர்சிட்டி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மலைக்குப் போனால், 1984இல் அறிவிக்கப்பட்ட ஒரு சரணாலயம் வரும். கொல்லம் மாவட்டத்துக் காடு. அதற்கு யானையின் பேரையோ புலியின் பேரையோ வைக்காமல் ஒரு மரத்தின் பேரை வைத்திருக்கிறார்கள்: செந்துருணி. செங்குறிஞ்சி என்றும் சொல்வார்கள். மாமரத்துக்கும் முந்திரிக்கும் சொந்தக்காரன். வைரம் பாய்ந்த கட்டை நல்ல சிவப்பு. பேரின் தொடக்கத்தில் உள்ள ‘செம்மை’ அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை.

இந்த மாதிரி அரிய மரங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ‘ஜெனிட்டிக் டைவர்சிட்டி’ என்ற சொல் வந்துவிடும். ஒரே இனத்தைச் சேர்ந்த மரங்களுக்குள், பிறவியிலேயே உள்ள வேறுபாடுகளின் அளவு என்பது அதன் பொருள். ஒன்று வறட்சியைத் தாங்கும், இன்னொன்று நோயைத் தாங்கும்.

‘ஜீன்’ என்ற சொல்லை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். பிறப்பு, குலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு உறவுள்ளது. நாம் அதை மரபு + அணு, மரபணு என்றோம். இலங்கையில் ‘பரம்பரையலகு’ என்பார்கள். ‘அணு’வை விட ‘அலகு’ பொருத்தம் என்பது என் எண்ணம், ஆனால் மரபணு நாக்கில் ஊறிவிட்டது, இனி மாற்ற முடியாது. ‘ஜெனிட்டிக்ஸ்’ என்ற துறைக்கு நாம் வைத்த பெயர் மரபியல். தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கும் அதே பெயர்தான். உள்ளே வைரம் உள்ளதே மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று பிரிப்பதும் அங்கேதான். அந்தக் கணக்கில் தென்னை புல், செந்துருணி மரம்.

சரி, ‘டைவர்சிட்டி’? இங்கேதான் சிக்கல். ‘பயோடைவர்சிட்டி’யைப் ‘பல்லுயிர்ப் பெருக்கம்’ என்று பாடநூலில் படித்த பழக்கத்தில் ‘மரபணுப் பெருக்கம்’ என்று எழுதிவிடுகிறோம். பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுவது. ‘வாழையடி வாழையாக’ வாழ்க என்று வாழ்த்துகிறோமே, அந்த வாழையைப் பாருங்கள். பக்கக்கன்றை எடுத்து நட்ட நேந்திரன் தோப்பில் ஆயிரம் வாழை நின்றாலும் மரபணுக் கணக்கில் ஏறக்குறைய ஒரே வாழைதான். ஒன்றுக்கு வாடல் நோய் வந்தால் பக்கத்து வாழைக்கும் அதே பலவீனம் இருக்கும். பெருக்கம் ஏராளம், வேறுபாடு இல்லை.

விதையில் வளரும் காட்டு மரம் அப்படி நகலாகாது. ஆனால் காடு துண்டுபட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்கள் தங்களுக்குள்ளேயே மகரந்தம் மாற்றிக்கொண்டால், சொந்தத்துக்குள் திரும்பத் திரும்பக் கல்யாணம் செய்த கதைதான். முளைப்புக் குறையலாம், கன்று நோஞ்சானாகலாம்.

‘மரபணுப் பன்மை’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். இலக்கண வகுப்பில் பன்மை என்றால் ஒன்றுக்கு மேல் என்பதுதான். வாழைத் தோப்பும் பன்மைதானே! அதனால் எனக்குச் சரியாகப் படுவது ‘மரபணுப் பல்வகைமை’. பேச்சில் ‘மரபணு வகைமை’ என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

நாற்றங்காலில் இதைக் கேட்க அந்தச் சொல்கூட வேண்டாம். எத்தனை கன்று என்று கேட்டால் பெருக்கம் தெரியும். எத்தனை தாய்மரத்தில் விதை எடுத்தீர்கள் என்று கேட்டால் வகைமை தெரியும்.