ஒத்துழைப்பைக் கூட்டாண்மை ஆக்காதீர்

பண நெருக்கடியில் உள்ள பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து செலவைக் குறைக்க எண்ணுவதைப் பற்றித் தமிழில் வரும் செய்திகளில், ‘கொலாபரேஷன்’ என்பதற்கு நேராகக் ‘கூட்டாண்மை’ என்று எழுதுவதைப் பலமுறை படித்துவிட்டேன். அது பிழையான பெயர்ப்பு.

இலத்தீன் மூலத்தில் அச்சொல்லுக்கு ‘உடன் உழைத்தல்’ என்பதே பொருள். தமிழில் அதற்கு ஒத்துழைப்பு இருக்கிறது. 1920-இல் காந்தியடிகள் தொடங்கிய இயக்கத்தை ‘ஒத்துழையாமை’ என்று பாமரரும் சொன்ன அளவுக்கு வேரோடிய சொல் அது.

கூட்டாண்மையில் உள்ள ‘ஆண்மை’ ஆளுதலைக் குறிக்கும். மேலாண்மை என்று நாம் வழங்குவதும் அந்தப் பொருளில்தான். ஆகவே கூட்டாண்மை என்றால் கூடி ஆளுதல், அதாவது நிர்வாகத்தையே பகிர்தல். இலங்கை அலுவலகத் தமிழிலோ, ‘கூட்டாண்மைத் திட்டம்’ என்றால் ஒரு நிறுவனம் தனக்கென வகுத்துக்கொள்ளும் திட்டம். அங்குள்ள வாசகருக்கு இந்தச் செய்தி என்ன பொருள் தரும்?

லீட்ஸ், ஷெஃபீல்டு, யார்க் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் 1997 முதல் ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் ஆராய்ச்சியில் சேர்ந்து உழைக்கின்றன; ஆனால் மாணவர் சேர்க்கையில் இன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன, மூன்றுக்கும் தனித்தனித் துணைவேந்தர்கள். இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் ஆண்டுக் கட்டண வரம்பு 2017-இல் 9,250 பவுண்டு ஆகி, விலைவாசி ஏறியபோதும் 2025 வரை அங்கேயே நின்று, பிறகுதான் 9,535 ஆனது. அந்த இறுக்கத்தில் கொள்முதலையும் கருவிகளையும் பகிர்ந்து செலவைக் குறைக்க எண்ணும் போட்டியாளர்கள் ஆட்சியைப் பகிர்வதில்லை. ‘ஒத்தல்’ என்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒத்தபின்னும் அவர்கள் இருவராகவே இருப்பர். போட்டியும் துணையும் ஒருங்கே நிற்கும் இந்த உறவுக்கு ஒத்துழைப்பைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

கென்ட், கிரீனிச் பல்கலைக்கழகங்கள் 2025 செப்டம்பரில் அறிவித்த திட்டம் வேறு வகை. இரண்டும் தம் பெயரை வைத்துக்கொண்டு, ஒரே துணைவேந்தரின் கீழ் ஒரே ஆட்சிக்குழுவுக்குள் வருவதாக அது அமைந்தது. அதைக் கூட்டாண்மை என்றால் நான் மறுக்க மாட்டேன். 2004-இல் மான்செஸ்டரில் இரண்டு நிறுவனங்கள் ஒரே பல்கலைக்கழகமானது இணைவு. அதை ‘இணைப்பு’ என்றும் எழுதக்கூடாது. ஒரு கல்லூரி பல்கலைக்கழகத்தின் கீழ் ‘இணைப்புப் பெறுவது’ நம்மிடம் முற்றிலும் வேறு ஏற்பாடு.

‘காவல்துறைக்கு ஒத்துழைப்பு தாருங்கள்’ என்று கேட்டுக் கேட்டு அச்சொல்லில் பணிந்துபோகும் சாயல் ஏறிவிட்டது என்பர் சிலர். அது மெய்தான். ஆனால் அங்கே ‘ஒருவருக்கு’ ஒத்துழைப்பு. இங்கே ‘தமக்குள்’ ஒத்துழைப்பு. வேற்றுமை உருபு தீர்த்துவைக்கும் சிக்கலுக்குப் புதுச்சொல் எதற்கு? எடுப்பான ஒலிக்காக மொழிபெயர்ப்பாளர்கள் ‘ஆண்மை’யை ஒட்டிக்கொண்டே போவதால், தனித்தே இயங்கும் லீட்ஸும் ஒரே ஆட்சிக்குள் வர முடிவெடுத்த கென்ட்டும் தமிழ்ச் செய்தியில் ஒன்றாகவே தெரிகின்றன.