அந்த எண் எதை எண்ணுகிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அக்கா மகள் தன் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினாள். "மாமா, என் எச்-இன்டெக்ஸ் வெறும் அஞ்சுதான். இதை வச்சு எங்க வேலைக்குப் போறது?" மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் முடித்தவள், டிங்கி வைரஸில் ஆய்வு செய்கிறவள். அந்த "வெறும்" எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சரி, ஆய்வாளர்களை எடைபோடப் பயன்படுத்தும் இந்த எண் எப்படி வருகிறது? 2005-இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. ஒருவரின் கட்டுரைகளை, மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். அவளுடையது 40, 22, 9, 6, 5, 3, 1. மேலிருந்து வரிசை எண் போட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது. ஆறாவதற்கு 6 வேண்டும், 3 தான் இருக்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறோம். ஆக 5.

இப்போது அந்த 40 நாளைக்கே 4,000 ஆனாலும் அவள் எண் 5 தான், ஒரு புள்ளிகூட ஏறாது. ஆனால் ஐந்தாவதற்கு ஒன்றும் ஆறாவதற்கு மூன்றுமாக நான்கே மேற்கோள் வந்தால் போதும், எண் 6 ஆகிவிடும். அதோடு இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. முப்பது வருடம் ஆய்வகத்தில் இருந்தவரையும் நேற்று வந்த பெண்ணையும் இதை வைத்து ஒப்பிடுவது தப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம், மேற்கோள் என்பதே எதைக் காட்டுகிறது? 2014-இல் நேச்சர் இதழ் உலகில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைத் தொகுத்தது. முதலிடம் ஆலிவர் லவ்ரியும் அவர் குழுவினரும் 1951-இல் எழுதியதற்கு, 3 லட்சத்துக்கும் மேல். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை அது. செம்பு உப்பையும் இன்னொரு வினைபொருளையும் சேர்த்தால் நீல நிறம் வரும், நீலம் கூடினால் புரதமும் அதிகம். அவ்வளவுதான். அது அப்படியொன்றும் பெரிய கட்டுரை இல்லை என்று லவ்ரியே எழுதியிருக்கிறார். ஆனால் புரதத்தை அளக்காமல் எந்த உயிரியல் ஆய்வகமும் ஓடாது, அதனால் எல்லோரும் அதைக் குறிப்பிட்டார்கள். டிஎன்ஏவின் இரட்டைச் சுருளைச் சொன்ன வாட்சன், கிரிக்கின் 1953 கட்டுரையோ அந்த நூறில் இல்லவே இல்லை! பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்துவிட்ட விஷயத்துக்கு யாரும் மேற்கோள் போடுவதில்லை.

நம் ஊர்க் கதை ஒன்றையும் அவளுக்குச் சொன்னேன். 1998-இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று நினைத்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் சுவா காவ் பிங், நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியை செல்களில் வளர்த்தார். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒன்றாகிவிட்டன. மாதிரியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது வேறு குடும்பத்து வைரஸ் என்று தெரிந்தது. அதுதான் நிப்பா, சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர். குற்றவாளி கொசு இல்லை, பன்றி என்று உறுதியானதும் பத்து லட்சம் பன்றிகளுக்கு மேல் கொல்லப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 105 பேர் இறந்திருந்தார்கள். சயின்ஸ் இதழில் கட்டுரை வந்தது 2000-இல். உயிர்களைக் காப்பாற்றிய அந்த மாதங்களில் அந்தக் கண்டுபிடிப்புக்கு மேற்கோள் எண்ணிக்கை பூஜ்யம்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் ரசத்தைக் குடித்தாள். "அந்த மூணு மேற்கோள் கட்டுரை எதைப் பத்தி?" என்று கேட்டேன். வைரஸைத் தடுக்கும் என்று பலரும் நம்பிய ஒரு புரதம் உண்மையில் தடுக்கவில்லை என்று இரண்டு வருடம் உழைத்துக் காட்டிய கட்டுரையாம். அதைப் படித்துவிட்டு அதே சோதனையில் இறங்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் வராது. இலையை மடித்துவிட்டு, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அதை எப்படி எழுதலாம் என்று பேச ஆரம்பித்தாள்.