கல்லாளியின் துதிக்கைக்கு எலும்பு வேண்டாம்

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் யாளிகளைப் பார்த்துவிட்டு வந்த காட்பாடி மாணவி ஒருத்தி, தானும் ஒரு விலங்கை உருவாக்கி வரைந்து காட்டினாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விலங்கின் பெயர் கல்லாளி. உடும்பின் உடல், பாறையை விடாத நகங்கள், முகத்தில் 40 செ.மீ. துதிக்கை. கோடையில் கொதிக்கும் நம் மொட்டைப் பாறை மலைகளில், இடுக்குகளுக்குள் துதிக்கையை விட்டுத் தேனும் தண்ணீரும் எடுக்குமாம்.

"சார், இது நிஜமாவே உயிரோட இருந்தா துதிக்கை வேலை செய்யுமா?"

உடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. யானை அளவுக்கு ஊதிப் பெரிதாக்காமல் விட்டதே நல்லது. உயரம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப்பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். ஆனால் துதிக்கைக்குள் முதுகெலும்பு மாதிரி சின்னச் சின்ன எலும்புகளைக் கோத்து வரைந்திருந்தாள். அங்கேதான் என் பென்சில் நின்றது.

யானையின் துதிக்கையில் எலும்பு ஒன்றுகூடக் கிடையாது. மேலுதடும் மூக்கும் சேர்ந்து நீண்ட தசைத் திரள் அது. தசைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று: சுருங்குவது. தானாக நீளவோ தள்ளவோ அதற்குத் தெரியாது. பிறகு துதிக்கை எப்படி நீள்கிறது?

முறுக்கு மாவை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். மெலிய மெலிய நீள்கிறது. மாவு கூடவுமில்லை, குறையவுமில்லை. தசையிலும் பெரும்பகுதி தண்ணீர். அழுத்தினால் அதன் கன அளவு குறையாது. துதிக்கையின் குறுக்கே ஓடும் தசைகள் சுருங்கினால் அது மெலியும். மெலிந்தால் நீண்டே ஆக வேண்டும், வேறு வழியில்லை! நீளவாட்டுத் தசைகள் சுருங்கினால் குட்டையாகித் தடிக்கும். ஒரு பக்க நீளத்தசை மட்டும் இழுத்து, குறுக்குத் தசைகள் தடிக்க விடாமல் பிடித்துக்கொண்டால் அந்தப் பக்கம் வளையும். சாய்வாகச் சுற்றிய தசைகள் முறுக்கும். எலும்பின் வேலையை, அமுங்க மறுக்கும் தண்ணீரே செய்துவிடுகிறது.

கல்லாளிக்கே கணக்குப் போட்டோம். துதிக்கையின் விட்டம் 4 செ.மீ. என்று வைத்துக்கொண்டோம். அது வெறும் 4 மி.மீ. குறைந்தால் நீளம் 9 செ.மீ.க்கு மேல் கூடுகிறது. மில்லிமீட்டரைக் கொடுத்துச் சென்டிமீட்டரை வாங்கும் இந்த வித்தையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கும். யானைத் துதிக்கை, ஆக்டோபஸின் கை, நம் நாக்கு மூன்றும் இந்த ஒரே தத்துவத்தில் இயங்குவதை உயிரியலாளர்கள் வில்லியம் கியரும் கேத்லீன் ஸ்மித்தும் 1985இல் விளக்கினார்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் கௌண்டின்யா காட்டிலிருந்து இறங்கும் யானை வாழையைச் சாய்ப்பதும், துதிக்கை நுனியின் ஒற்றை விரலால் சிறு பொருளைப் பற்றி எடுப்பதும் இதே தசைகளால்தான்.

எலும்புகளை அழித்தாள். இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. துதிக்கை செய்ய உதட்டுத் தசை வேண்டும். ஊர்வனவற்றுக்குப் பாலூட்டிகளைப் போல உதட்டையும் மூக்கையும் அசைக்கும் முகத்தசைகள் கிடையாது. உடும்பின் முகத்தில் துதிக்கையை ஒட்டவைக்கலாம், ஆட்டிவைக்க முடியாது.

அவள் முகம் வாடியது. ஒரு நிமிடம் கழித்துக் கேட்டாள்: "உடும்புக்குத்தான் நாக்கு இருக்கே சார்?"

இருக்கிறது, அதுவும் எலும்பில்லாத தசைதான். ஆனால் அவ்வளவு நீள நாக்கை எங்கே அடக்குவது? அதற்கு, உடலெங்கும் செதில் போர்த்த அழுங்கைப் பார்க்கச் சொன்னேன். எறும்பு தின்னும் அதன் நாக்குத் தசை வாயோடு முடிவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, நெஞ்செலும்பின் கடைசி முனையில் போய்ப் பற்றியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட விலங்கை, செதில் மருந்தாகும் என்ற மூடநம்பிக்கையால் கொன்று கடத்துகிறார்கள். அந்தச் செதில் நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின் என்ற புரதம். நோய்க்கு அதைத் தேடுவதும் நகத்தை வெட்டித் தின்பதும் ஒன்றுதான். இதைப் பள்ளிக்குப் பள்ளி போய்ச் சொல்ல வேண்டும்.

இப்போது கல்லாளியின் முகத்தில் துதிக்கை இல்லை. நெஞ்சில் தொடங்கி வாய் வழியே பாறை இடுக்குக்குள் நீளும் நாக்கு இருக்கிறது. அதன் நுனியில் மட்டும், யானையின் அந்த ஒற்றை விரலை அவள் விட்டுக்கொடுக்கவில்லை.